கில்னும் கசியும் எண்ணெயும்
அரியலூர் வட்டாரத்தில் தரைக்குக் கீழே கிடப்பது ஒரு பழங்கடலின் படிவான சுண்ணாம்புக்கல். அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1997-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், அதாவது இன்றைய ராம்கோ, ஆலத்தியூரில் ஆலை போட்டது. சிமெண்ட் ஆலை என்றால் புகைபோக்கியும் லாரி வரிசையும்தான் கண்ணில் படும். ஆனால் ஆலையின் உயிர் கில்னில் இருக்கிறது.

கில்ன் என்பது லேசான சரிவில் படுத்துச் சுழலும் பெரிய இரும்புக் குழாய். நிமிடத்துக்கு நாலைந்து சுற்றுதான். உள்ளே சுமார் 1450 டிகிரியில் கல் வெந்து, சிமெண்டாக அரைபடும் கிளிங்கராகிறது. தீச்செங்கல் பதித்திருந்தும் வெளித்தகடு 300 டிகிரியை எட்டும். இந்தக் குழாயின் எடை முழுவதையும் தாங்குபவை அடியில் இருக்கும் ரோலர்கள். ரோலர் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பதோ முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்.

வேகமாகச் சுழலும் தண்டு எண்ணெயைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். இந்த ரோலர் தண்டுக்கோ ஆமை வேகம். அதனால் கெட்டியான எண்ணெய் வேண்டும், அதை ஊற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். பேரிங் பெட்டியின் மூடியைத் திறந்தால் தெரியும்: தண்டோடு சுற்றும் சிறு வாளிகள், ஏற்றம் இறைப்பதுபோல, அடியில் எண்ணெயை மொண்டு, மேலே உள்ள தட்டில் கவிழ்க்கின்றன. அங்கிருந்து அது தண்டின் மேல் வழிகிறது. சூட்டை இழுக்க பேரிங்குக்குள் தண்ணீரும் ஓடுகிறது.

சூடு ஏறினால் எண்ணெய் நீர்த்துவிடும், படலம் அறும், உலோகம் உரசும், சூடு இன்னும் ஏறும். உடனே நிறுத்தவும் முடியாது. சூடான கில்ன் அசையாமல் நின்றால் தன் எடையாலேயே வளைந்துவிடும்.

கசிவை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. தண்ணீர்க் குழாயின் இணைப்பு உள்ளே கசிந்தால் எண்ணெய் மோராக வெளுக்கும். சீல் தேய்ந்து வெளியே கசிந்தால் சிமெண்ட் தூசி அப்பிக்கொண்டு உப்புத்தாளாக அராவும். ரோலர் முகத்தில் எண்ணெய் பட்டாலோ, மயிரிழை வெடிப்புக்குள் புகுந்து அழுத்தத்தில் அதை விரிக்கும். அதனால்தான் அங்கே எண்ணெய் தடவாமல் உலர்ந்த கிராஃபைட் கட்டியை வைக்கிறார்கள்.

எண்ணெய்க் கசிவு ஆலைக்கு மட்டுமான தொல்லை அல்ல. மாஸ்டா காரின் ரோட்டரி எஞ்சினை வைத்துச் சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கும் இதே தலைவலிதான். அந்த எஞ்சினில் ரோட்டரைக் குளிர்விப்பது எண்ணெய்தான். கூலருக்குப் போகும் ஹோஸில் ஒரு நட்டு தளர்ந்தாலும் பறக்கும்போது எண்ணெய் வற்றிவிடும்.

ஐ.டி.ஐ. முடித்து ஆலை வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று: கசிவைக் கண்டால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஓடும் ரோலர் பக்கம் துணியோடு துடைக்கப் போகாதீர்கள். மெதுவாகச் சுற்றினாலும் அது கையை இழுத்துவிடும்.