பிள்ளை முகம், பேய்க் கண்!

குழந்தையைக் கண்டால் கொஞ்சத் தோன்றும். கண்டவுடன் குலை நடுங்கினால்?

அப்படி ரசிகர்களை நடுங்க வைத்த ஆங்கிலப் படம், 1960-ல் வெளிவந்த 'வில்லேஜ் ஆஃப் த டாம்ண்டு'. ஜான் விண்டம் 1957-ல் எழுதிய நாவலே அதன் மூலக்கதை.

இங்கிலாந்தில் மிட்விச் என்று ஒரு கிராமம். ஒரு நாள் ஊரே மயங்கி விழுகிறது. பிறகு, ஊர்ப் பெண்கள் பலர் ஒரே சமயத்தில் கருவுறுகிறார்கள். பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி வெளிர் முடி. கோபம் வந்தால் கண்கள் ஒளி விடும். அந்தப் பார்வையில் சிக்கியவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வான்!

செலவு குறைவு, வசூல் அமோகம். பட முதலாளிகள் சும்மா இருப்பார்களா?

மறுபடியும் வந்தார்கள்!

1964-ல் வந்தது 'சில்ரன் ஆஃப் த டாம்ண்டு'. இதுவும் சிக்கனமாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான். டைரக்டர் ஆண்டன் லீடர். திரைக்கதை எழுதியவர் ஜான் பிரைலி. அவர் பழைய மாவையே அரைக்கவில்லை.

இம்முறை ஆறு பிள்ளைகள். இங்கிலாந்து, அமெரிக்கா, ரஷ்யா, சீனா, நைஜீரியா, இந்தியா என்று நாட்டுக்கு ஒருவர். இந்தியச் சிறுவனின் பெயர் ரஷீத். அறிவுப் பரீட்சை வைத்தால் ஆறு பேருக்கும் ஒரே மார்க்கு!

இந்த மூளை தனக்கே ஆயுதமாக வேண்டும் என்று ஒவ்வொரு சர்க்காரும் துடிக்கிறது. பிள்ளைகளோ தப்பி ஓடி, லண்டனில் ஒரு பாழடைந்த மாதாகோவிலில் ஒன்று சேருகிறார்கள். பிடிக்க வந்தவர்கள் பிணமாகிறார்கள். ஆனால், வம்புக்குப் போகாதவரை அவர்கள் பெரும்பாலும் யாரையும் தொடுவதில்லை.

ஒரு திருப்புளி!

மாதாகோவிலைப் பட்டாளம் வளைக்கிறது. கடைசி நிமிஷத்தில் பெரியவர்களுக்குப் புத்தி வருகிறது. சுட வேண்டாம் என்று முடிவாகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு திருப்புளி தவறி விழுகிறது. மின்சாரத் தொடர்பு ஏற்பட்டு, சுடுவதற்கான சைகை போய்விடுகிறது. துப்பாக்கிகள் முழங்குகின்றன. மாதாகோவில் இடிகிறது. பிள்ளைகள் மடிகிறார்கள்.

முதல் படம் பார்த்தவர்கள் பிள்ளைகளுக்குப் பயந்தார்கள். இரண்டாம் படம் பார்த்தவர்களோ பெரியவர்களுக்குப் பயந்தார்கள்! அணுகுண்டுப் பீதி உலகை ஆட்டிய காலம் அது. ஒரு கை தவறினால் போதும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் பேய்ப்படம் எழுதிய பிரைலியே, பின்னர் 1982-ல் வந்த 'காந்தி' படத்துக்கும் திரைக்கதை எழுதினார். அதற்கு ஆஸ்கார் பரிசும் பெற்றார். அகிம்சையைச் சொன்ன அதே பேனா, பதினெட்டு வருஷம் முன்பே ஒன்றைச் சொல்லிவிட்டது: பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால், எதிரே நிற்பது பிள்ளை என்றும் பாராது.