அடைக்கலமும் அடைத்த கதவும்: நோய்க்காலத்தில் மாற்றுத்திறனாளி இல்லங்கள்

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்று தானத்தை நான்காகப் பிரிப்பது சமண மரபு. இதில் அபயதானம் என்பது அஞ்சி வந்தவர்க்கு இடம் கொடுப்பது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'அஞ்சினான் புகலிடம்' என்ற தொடரும் இந்தக் கருத்தை ஒட்டியதுதான். மாற்றுத்திறனாளிகள் பலர் ஒரே கூரையின் கீழ் வாழும் இல்லங்களை அந்த அபயதானத்தின் தொடர்ச்சி என்றே நான் கொள்கிறேன். 2020-ல் கொரோனா பரவியபோது அந்தக் கூரையே ஆபத்தாகவும் ஆயிற்று. அத்தகைய இல்லத்தை நடத்துவோர் அப்போது என்ன விதியைக் கைக்கொள்ள வேண்டும் என்பதை நம் குடும்பத்தார் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஊருக்கெல்லாம் சொன்ன விதி மூன்று: தள்ளி நில், முகக்கவசம் போடு, கையைக் கழுவு. கண் தெரியாதவர் இன்னொருவர் முழங்கையைப் பிடித்துத்தான் நடக்கிறார். அவர் ஆறடி தள்ளி எப்படி நிற்பார்? காது கேளாதவர் எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறார். கவசம் போட்டால் பேச்சே போச்சு. சக்கர நாற்காலிக்காரர் கையைக் கழுவிய மறுநிமிடம் தரையில் உருண்ட சக்கரத்தைத் தொட்டாக வேண்டும். ஆகவே சக்கர விளிம்பு, ஊன்றுகோலின் கைப்பிடி, கட்டிலின் கம்பி இவற்றையும் துடைக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைப்பது அதைவிட முக்கியம். ஆரம்பத்தில் தரைக்கு பிளீச்சிங் போடுவதிலேயே எல்லோரும் குறியாய் இருந்தார்கள். இந்நோய் காற்று வழியாகவும் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 ஏப்ரலில்தான் தெளிவாக எழுதியது.

ஆக, விதியின் பாரம் முழுவதையும் இல்லத்தில் இருப்பவர் தலையில் வைக்க முடியாது. அது துணைக்கு நிற்கிற ஆளைச் சுற்றியே அமைய வேண்டும். பகலில் நாலு வீட்டு வேலை பார்த்துவிட்டு இரவில் இங்கே வருகிற ஆயாதான் நோயைச் சுமந்து வரக்கூடியவர். அவரை ஏசிப் பயனில்லை. இரண்டு வாரம் இங்கேயே தங்கட்டும், அதற்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள், காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். சம்பளம் பிடிப்பார்கள் என்றால் யார்தான் காய்ச்சலைச் சொல்வார்கள்? வியாபாரிக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, பேரிடர்க் காலத்தில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. 2020 மார்ச் கடைசி வாரத்தில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. துணையாட்கள் போய்வர பாஸ், குடியிருப்புச் சங்கங்கள் அவர்களை உள்ளே விடவேண்டும் என்ற சொல், எல்லாம் அதில் இருந்தன. ஏட்டில் இருப்பது எல்லைக்கு வரவேண்டுமே! முதலமடையில் மாங்காய் சீசன் சூடு பிடித்திருந்த நேரம் அது. கோவிந்தாபுரம் வழியே சரக்கு லாரிக்கு அனுமதி கிடைத்தது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து துணைக்கு வரும் ஆளோ பாஸ் இல்லாமல் வர முடியாது. வடக்கே தலப்பாடியில் கர்நாடகம் எல்லையை அடைத்தபோது, மங்களூர் மருத்துவமனைக்குப் போக முடியாமல் காசர்கோட்டு நோயாளிகள் உயிரிழந்தார்கள்.

ஆபத்து எவ்வளவு என்பதற்கு இங்கிலாந்து அரசின் 2020 நவம்பர் அறிக்கை சான்று. கற்றல் திறன் குறைபாடு உள்ளோர் கொரோனாவால் இறந்த விகிதம், வயதைச் சரிக்கட்டிப் பார்த்த பிறகும், மற்றவர்களைப் போல 4.1 மடங்கு. நம் நாட்டில் 2021 மார்ச் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட கடுமையான குறைபாடு உள்ளோர்க்குத் தடுப்பூசி கிடைத்தது. இளையவர்கள் மே மாதம் வரை காத்திருந்தார்கள். அடையாள அட்டை இல்லாத இல்லவாசிகளுக்கு ஊசி போட மே மாதம் வழி செய்தார்கள். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கே வந்து போட செப்டம்பரில்தான் அனுமதி வந்தது.

மூச்சு முட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்கள் இந்த இல்லங்களில் உண்டு. அவர்களுக்குத் தினமும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பழகிய ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 2020 ஏப்ரலிலேயே இதற்கு உத்தரவிட்டது.

பார்வையாளரை நிறுத்துவதுதான் மனசைப் பிசைகிற விஷயம். மாதக்கணக்கில் அம்மா வரவில்லை என்றால், நோய் என்ற சொல்லே விளங்காத பிள்ளை என்னவென்று நினைக்கும்? முற்றத்திலோ, சன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டோ சந்திக்க வைக்கலாம். கதவை அடைக்கும் விதியை எழுதுகிறவர், எந்த நாளில் மறுபடி பரிசீலிப்போம் என்பதையும் அதே தாளில் எழுதவேண்டும். தேதி இல்லாத தடை பூட்டுத்தான்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு மலையாளத்தில் ஒட்டிய அறிவிப்பால் என்ன பயன்? கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையோர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. விதிகளைப் பெரிய எழுத்துத் தமிழிலும், படிக்கத் தெரியாதவர்க்குப் படத்திலும் தரும்படி இல்லத்தாரைக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் பஞ்சாயத்துக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் தமிழிலேயே மனு எழுதுங்கள்.