ஆயில் சீலும் நம் சரக்கும்

மளிகை வியாபாரிக்கு டிராக்டர் பிரேக்கைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ண வேண்டாம். ரெட்டியார்சத்திரம் பக்கத்துச் சின்ன வெங்காயம் பழைய டிராக்டர்களிலும் திண்டுக்கல்லுக்கு வந்து இறங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் சரக்கை ஏற்றி வந்த டிராக்டர், பழனி ரோட்டில் பிரேக் போட்டதும் இடப்பக்கம் இழுத்துப் புளியமரத்தில் மோதியது. டிரைவருக்குக் கை முறிந்தது. வலது சக்கர டிரம்மில் எண்ணெய் கசிவதை முன்பே பார்த்திருந்தோம். "லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினால் போதும்" என்றார் ஒருவர். செலவு மிச்சமென்று நானும் தலையாட்டினேன். அதுதான் தவறு.

மாஸே பெர்குசன் 35 போன்ற பழைய வண்டிகளில் பின் ஆக்சில், பிரேக் டிரம்மின் நடுவே வருகிறது. உள்ளிருக்கும் எண்ணெயைத் தடுப்பது ஆயில் சீல்தான். அது தேய்ந்தால் எண்ணெய் லைனிங்கில் ஏறும். அந்தச் சக்கரம் பிடிக்காது, மறு சக்கரம் மட்டும் பிடிக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். குறிக்கு மேல் ஊற்றினாலும் கசியும். சீலை மாற்றும்போது அதன் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்க வேண்டும். ஆக்சிலில் சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை. இரு பக்கமும் புதிதாகப் போடுங்கள். பேரிங் காலர் இறுக்கமாக இருக்கும். அதைக் கழற்றுவதைப் பட்டறைக்கே விடுங்கள். ரோட்டில் இரு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைத்தே ஓட்டச் சொல்லுங்கள்.

மூட்டை இறக்கும்போது பின் சக்கரத்தின் உட்புறத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். சரக்கு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆள் போனால் வருமா?