மண்சட்டிச் சோறு

சென்ற ஆண்டு அலுவல் நிமித்தம் ஜப்பான் சென்றிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் யோகோகாவா இரயில் நிலையத்தைக் காணப் போனேன். அங்கே 1958 முதல் சிறு மண்சட்டியில் சோறு விற்கிறார்கள். உசுயி கணவாயின் ஏற்றத்துக்காக அந்நாளில் வண்டிக்குத் துணை எஞ்சின் பூட்டுவார்கள்; அச்சில நிமிடங்களே வியாபார வேளை. 1997-இல் மலைப்பாதை மூடப்பட்டது. வண்டிகள் இப்போது அங்கேயே நின்றுவிடுகின்றன. சட்டிச் சோறு மட்டும் நிற்கவில்லை!

மூடியைத் திறந்தேன். கோழித் துண்டு, காளான், மூங்கிற் குருத்து, காடை முட்டை. அடியில் சுவையூறிய சோறு. அமிர்தமாயிருந்தது. ஆயினும், குழந்தைகளை விட்டுத் தனியே உண்கிறோமே என்ற நினைவில் பாதியில் கை நின்றது.

சட்டியைக் கழுவித் துணியில் சுற்றி நாகபுரிக்குக் கொணர்ந்தேன். இன்று அதில் என் மனைவி தயிர் உறைய வைக்கிறாள். ‘ஜப்பான் தயிர்’ என்று குழந்தைகள் போட்டியிட்டு உண்கிறார்கள். அன்பர்களே, அன்று பாதியில் நின்ற விருந்து இப்போதுதான் நிறைவுற்றது.