அளவு மாறினாலும் தாளம் மாறாது! நரம்புகள் செய்யும் அதிசயம்

நாம் தூங்குகிறோம். நம் மூச்சு தூங்குவதில்லை.

விழுப்புரத்தில் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கும், திண்டிவனத்தில் திண்ணையில் படுத்திருக்கும் தாத்தாவுக்கும் மூச்சு தாளம் தவறாமல் வந்து போகிறது.

இந்தத் தாளத்தைப் போடுவது யார்?

மூளையின் அடிப்பாகத்தில் இருக்கும் நரம்புச் செல்கள். "இழு, விடு" என்று அவை ஓயாமல் உத்தரவு போட்டுக் கொண்டே இருக்கின்றன.

உப்பில் பிறக்கும் மின்சாரம்

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் உண்டு. அந்த உப்பில் இருப்பது சோடியம். நம் உடம்பிலும் சோடியம் இருக்கிறது.

நரம்புச் செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில், கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் ஏராளம்.

ஒரு வகை வாசல் திறந்தால் சோடியம் உள்ளே பாயும். மின்சாரத் துடிப்பு உண்டாகும். இன்னொரு வகை வாசல் திறந்தால் பொட்டாசியம் வெளியே போகும். துடிப்பு அடங்கும். இந்தத் திறப்பும் மூடலும்தான் தாளம்.

ஆனால், இந்த வாசல்கள் நிரந்தரமானவை அல்ல. சில நாட்களில், சில வாரங்களில் பழையவை அழிந்து, புதியவை வருகின்றன. நரம்புச் செல்களில் பெரும்பாலானவையோ ஆயுள் முழுவதும் உழைப்பவை.

விழுப்புரத்தில் புறப்பட்ட ரெயிலின் சக்கரங்களை, திண்டிவனம் போய்ச் சேருவதற்குள், ஓடும்போதே மாற்றுவது போன்ற வேலை இது! ரெயில் நிற்கக் கூடாது. வேகமும் குறையக் கூடாது.

நண்டு சொன்ன பாடம்

இது எப்படி முடிகிறது? அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஈவ் மார்டர் இதைத் தேடினார். அவர் எடுத்துக் கொண்டது கடல் நண்டு.

நண்டுக்கு வயிற்றுக்குள்ளே பற்கள் உண்டு! அந்த வயிற்றை ஆட்டி வைப்பவை சுமார் 30 நரம்புச் செல்களே. அவற்றைத் தனியே எடுத்து உப்பு நீரில் வைத்தாலும் தாளம் நிற்பதில்லை. எந்த நண்டிலும் 'இது இன்ன செல்' என்று அடையாளம் சொல்ல முடியும்.

ஒரே தாளம் என்றால் வாசல்களின் அளவும் ஒன்றாகத்தானே இருக்கும்?

இல்லை! 2006-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு நண்டின் செல்லுக்கும் மற்றொரு நண்டின் அதே செல்லுக்கும் வாசல் அளவில் 2 மடங்கு முதல் 4 மடங்கு வரை வித்தியாசம் தெரிந்தது. தாளம் மட்டும் ஒன்றே!

அதற்கு முன்பே, 2004-ல், அவரது குழுவினர் 2 கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தார்கள். சரியான தாளம் தந்த சேர்க்கைகள் லட்சக்கணக்கில் இருந்தன.

இரண்டு வீட்டுக் குழம்பு

இதைப் புரிந்து கொள்ள அடுப்பங்கரைக்குப் போனால் போதும்.

விழுப்புரத்தில் ஒரு வீடு. திண்டிவனத்தில் ஒரு வீடு. இரண்டிலும் காரக்குழம்பு. ஒரு வீட்டில் புளி கூடுதல். அதற்கு ஈடாக ஒரு துண்டு வெல்லம். இன்னொரு வீட்டில் புளி குறைவு, வெல்லமே இல்லை. இரண்டும் ருசிதான். புளியை மட்டும் கூட்டிவிட்டுச் சும்மா இருந்தால்தான் குழம்பு கெடும்.

நரம்புச் செல்லும் ஒன்று கூடினால் மற்றொன்றைச் சரிக்கட்டுகிறது.

ருசி பார்ப்பது யார்? கால்சியம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. துடிப்பு கூடினால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், குறைந்தால் இறங்கும். அதைப் பார்த்து, செல் தன் வாசல்களைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

பெங்களூரில்

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகுல் குமார் ராதோர், ரிஷிகேஷ் நாராயணன் இருவரும், நினைவாற்றலுக்கு உதவும் மூளைச் செல்களைக் கம்ப்யூட்டரில் அமைத்துப் பார்த்தனர். அங்கும் இதே கதைதான் என்று 2014-ல் வெளியிட்டனர்.

ஈவ் மார்டரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்ற வத்சலா திருமலை, பெங்களூர் தேசிய உயிரியல் மையத்தில், மீன்களை நரம்புகள் எப்படி நீந்த வைக்கின்றன என்று ஆராய்ந்தார். 2020-க்கான பட்நாகர் விருது இவருக்குக் கிடைத்தது.

மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நண்டுகளைக் குளிர்ந்த நீரில் வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தாளம். உஷ்ணம் 23 டிகிரியைத் தாண்டி ஏறினால், ஒவ்வொரு நண்டின் தாளமும் ஒவ்வொரு விதமாகக் குலைகிறது. மறைந்திருந்த வித்தியாசம் அப்போது வெளியே வருகிறது.

மனிதரும் அப்படியே. வலிப்பு என்பது மூளையின் தாளம் கெடுவது. வலிப்பு மருந்துகளில் பல, சோடியம் வாசலை அடக்குபவை. ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை. செல்லுக்குச் செல் உள்ள இந்த வித்தியாசமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கி விழுங்கலாகாது. டாக்டர் கொடுத்த வலிப்பு மருந்தை, சுகமாகிவிட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

வெளியே தாளம் ஒன்று. உள்ளே கணக்கு வேறு!