ஏப்ரலில் ஸ்விங், செப்டம்பரில் சுழல்

மார்ச் மாதம் வந்தால் வூஸ்டர்ஷயர் கவுன்டி ரசிகர்களுக்கு ஒரே கவலைதான்: மைதானத்தில் தண்ணீர் வடிந்துவிட்டதா? அணியில் யார் புதிதாகச் சேர்ந்தார், யார் போனார் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். இவர்களுடைய நியூ ரோடு மைதானம் செவர்ன் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் வூஸ்டர் பேராலயத்தின் கோபுரம். இங்கிலாந்துக் கிரிக்கெட்டின் அழகான படம் என்று கேட்டால் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். குளிர்காலத்தில் அதே படத்தில் மைதானம் இருக்காது, ஏரிதான் இருக்கும்.

செவர்ன் பிரிட்டனின் மிக நீளமான நதி, 354 கி.மீ. வேல்ஸ் மலைகளில் பெய்யும் மழை ஓரிரு நாள் கழித்து, வானம் வெளுத்த பிறகுகூட, வூஸ்டருக்கு வந்து சேரும். அப்போது கரை தாண்டிப் பரவ நதிக்குத் தாழ்வான நிலம் வேண்டும். அந்த நிலத்தில்தான் 1899-லிருந்து முதல்தர கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 2007-ல் கோடையிலேயே வெள்ளம் வந்து அந்த சீசனைக் குலைத்துப் போட்டது. 2024 ஏப்ரலில் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் 25 கி.மீ. வடக்கே கிடர்மின்ஸ்டருக்குப் போனார்கள்.

ஒரு கவுன்டி அணியை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விடாமல் பின்தொடர்கிறவர், தான் பார்ப்பது கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் பார்ப்பது ஆறு மாத நீளமுள்ள இயற்பியல் சோதனை. பந்து அதே ரகம், மண் அதே மண், ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். மாறுவது சூரியனின் உயரம். மற்ற மாற்றங்கள் எல்லாம் அதன் பின்னாலேயே வருகின்றன.

வூஸ்டர் 52 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சென்னை 13. ஏப்ரல் தொடக்கத்தில் வூஸ்டரின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 44 டிகிரிக்குத்தான் ஏறும். ஜூன் கடைசியில் 61. செப்டம்பர் இறுதியில் 35 ஆக இறங்கிவிடும். சரிவாக விழும் வெயில் அதே அளவு ஒளியை அதிகப் பரப்பில் இறைத்துவிடுகிறது. ஆகவே ஏப்ரல் வெயில் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் மண்ணைக் காய வைக்காது. கவுன்டி சாம்பியன்ஷிப் ஆட்டம் நான்கு நாள், ஒரு நாளைக்கு 96 ஓவர். அவ்வளவு நேரம் சுவெட்டர், கம்பளி, பிளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம் இந்த டிகிரிக் கணக்கைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும் என்பதில்லை.

ஆடுகளம் என்பது அடிப்படையில் களிமண். கால் பங்குக்குச் சற்று மேல் களிமண் கலந்த மண்ணை, வசந்தம் பிறக்கும்போது ரோலரால் பல நாட்கள் அழுத்திக் கெட்டியாக்குகிறார்கள். மண்ணின் வெப்பம் ஐந்தாறு டிகிரியைத் தாண்டினால்தான் புல்லின் வேர் வேலை செய்யத் தொடங்கும். வேர் தண்ணீரை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றும். மண்ணை ஆழம் வரை உலர்த்துவது பெரும்பாலும் இந்த வேர்கள்தான், மேலே அடிக்கும் வெயில் அல்ல. ஏப்ரலில் வேர்கள் அரைத் தூக்கத்தில் இருக்கின்றன. மேலே பசுமை, அடியில் ஈரம். அந்த ஈர மண்ணில் பந்தின் தையல் விழும்போது சிறு பள்ளம் பறிக்கிறது. தையல் மண்ணைக் கவ்வி, பந்து இடமோ வலமோ ஒடிகிறது. எந்தப் பக்கம் என்று வீசியவருக்கே பல சமயம் தெரியாது. வெயில் பட்டு அந்தப் பள்ளங்கள் அப்படியே இறுகிவிட்டால் இரண்டாம் நாள் ஒரு பந்து எகிறும், அடுத்தது தாழும்.

ஏப்ரலில் டாஸ் வென்றாலே பாதி ஆட்டம் கையில் என்று ஆகிவிட்டதால், 2016 முதல் 2019 வரை ஒரு விசித்திர விதியைக்கூட வைத்திருந்தார்கள்: விருந்தினர் அணி விரும்பினால் டாஸ் இல்லாமலே முதலில் பந்து வீசலாம். தங்கள் வேகப் பந்துவீச்சாளர்களுக்காகப் பச்சையாக ஆடுகளம் போட்டு வைத்தவர்களுக்கு இது நல்ல வைத்தியம்.

இனி பந்து. கவுன்டி சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலும் டியூக்ஸ் பந்துதான். அண்மை ஆண்டுகளில் சில சுற்றுகளுக்கு மட்டும் கூக்கபுராவைப் புகுத்திப் பார்த்தார்கள்; பவுலர்கள் முகம் சுளித்தார்கள். டியூக்ஸை கையில் வாங்கிப் பார்த்தால் காரணம் தெரியும். எடை 160 கிராமை ஒட்டி. நடுவே ஆறு வரிசைத் தையல், ஆறும் கையால் போட்டது. கூக்கபுராவில் உள் வரிசை இரண்டு மட்டுமே கைவேலை, மற்றவை இயந்திரம். கைத்தையல் விரலுக்கு நெரடலாக எழுந்து நிற்கும், சீக்கிரம் அமுங்காது. தோலுக்குள் கொழுப்பு ஏற்றியிருப்பதால் கால்சட்டையில் தேய்க்கத் தேய்க்க அது மேலே கசிந்து பளபளப்பாகும். பந்து உருக்குலைந்ததாக பவுலர் புகார் சொன்னால் அம்பயர் பையிலிருந்து ஒரு கருவியை எடுப்பார்: இரண்டு வளையங்கள். ஒன்றில் பந்து நுழைய வேண்டும், மற்றதில் நுழையக் கூடாது. அவ்வளவுதான் பரிசோதனை. கம்ப்யூட்டர் எல்.பி.டபிள்யூ. சொல்லும் காலத்திலும் இந்த இரண்டு வளையம் ஓய்வு பெறவில்லை.

எழுந்து நிற்கும் அந்தத் தையல் காற்றில் என்ன செய்கிறது? பவுலர் தையலை முதல் ஸ்லிப்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்து வீசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தின் மேற்பரப்பை ஒட்டி மயிரிழை அளவு மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஓடுகிறது. வழவழப்பான பக்கத்தில் அது அடுக்கடுக்காக, சலனமில்லாமல் ஓடி, பந்தின் பாதி தூரத்திலேயே பிடி விட்டுப் பிரிந்துவிடுகிறது. மறுபக்கத்தில் அதே படலம் தையலில் இடறுகிறது, கலங்கிச் சுழல்கிறது. இங்கேதான் ஆச்சரியம்: கலங்கிய காற்றுக்குத்தான் பந்தோடு ஒட்டும் சக்தி அதிகம். வெளியே வேகமாகப் போகும் காற்றிலிருந்து அது ஆற்றலை உள்ளே இழுத்துக்கொண்டு, பந்தின் பின்புறம் வரை சுற்றிப் போகிறது. ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் பிரிவதால், பந்தின் பின்னால் விடப்படும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. காற்று அந்தப் பக்கம் போனால் பந்து இந்தப் பக்கம், தையல் காட்டிய ஸ்லிப்பை நோக்கி. நியூட்டனின் மூன்றாம் விதி ஒரு தொடக்க ஆட்டக்காரரை வெளியே அனுப்பிவிடுகிறது.

வேகம் கூடினால் ஸ்விங் கூடும் என்றுதான் தோன்றும். கூடாது. புதுப் பந்து மிக நன்றாக வளைவது மணிக்கு 110 கி.மீ.யை ஒட்டிய வேகத்தில். 130-ஐத் தாண்டிப் போகப் போக, வழவழப்பான பக்கத்துக் காற்றும் தானாகவே கலங்கத் தொடங்கிவிடும். இரு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் வளைவு சுருங்கும். அதற்கும் மேலே போனால் திசையே மாறிவிடும். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். பந்தின் ஒரு பக்கம் தேய்ந்து சொரசொரப்பானால் அது குறைந்த வேகத்திலேயே நடக்கும். டெலிவிஷனில் 145 கி.மீ. வேகத்தைப் பார்த்துப் பழகியவர்கள், கவுன்டியில் நடுத்தர வேகத்தில் வீசுகிற ஒருவர் ஐந்து விக்கெட் எடுப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். காற்று அவர் பக்கம்தான் இருக்கிறது. கென்ட் அணியின் டேரன் ஸ்டீவன்ஸ் அப்படி வீசி 46 வயது வரை ஆடினார். 2021-ல் விஸ்டன் கிரிக்கெட் ஆண்டிதழ் அவரை ஆண்டின் ஐந்து வீரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

இந்தக் காற்றுக் கணக்கைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் ரபி மெஹ்தா. பின்னாளில் நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய காற்றியக்கவியல் விஞ்ஞானி. 1983-ல் அவரும் கூட்டாளிகளும் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்த முடிவுகள் ‘நேச்சர்’ இதழில் வந்தன. அவர் படித்த பள்ளி வூஸ்டரின் ராயல் கிராமர் ஸ்கூல். அங்கே அவரோடு சேர்ந்து பந்து வீசிய மாணவர் ஒருவர் உண்டு: இம்ரான் கான். அவர் 1971-ல் வூஸ்டர்ஷயருக்கு ஆடத் தொடங்கியவர், ரிவர்ஸ் ஸ்விங்கை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர். ஒருவர் கையால் செய்து காட்டியதற்கு மற்றவர் காரணம் சொன்னார். செவர்ன் கரையில் கிடைத்த விளைச்சலில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மேகம் மூடினால் பந்து ஸ்விங் ஆகும் என்பது கவுன்டி கேலரியில் யாரும் எதிர்த்துப் பேசாத உண்மை. ஈரக்காற்று கனமானது, அதனால் வளைகிறது என்பார்கள். இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளவில்லை: நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட லேசானது, ஆகவே ஈரக்காற்றுதான் லேசு. சரி, ஈரத்தில் தையல் உப்பிக்கொள்கிறதோ என்று பார்த்தார்கள். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் நியூசிலாந்துக் கூட்டாளியும் பந்துகளை அறைக்குள் வைத்து, ஈரப்பதத்தை மாற்றி, லேசர் ஸ்கேனரால் முப்பரிமாணத்தில் அளந்தார்கள். பந்து மாறவே இல்லை. அவர்கள் முன்வைத்த ஊகம் வேறு: வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று குமிழ்குமிழாக மேலே எழும், அந்தக் கொந்தளிப்பு, வழவழப்பான பக்கத்தில் அமைதியாக ஓட வேண்டிய படலத்தைக் கலைத்துவிடும். மேகம் மூடினால் தரை குளிர்ந்து, காற்று அடங்கி, படலம் பிழைக்கும். ஊகம்தான், ஆனால் நம்பிக்கை சரியாக இருந்து காரணம் மட்டும் தவறாக இருந்திருக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல், மே மாதம் பேட்ஸ்மேன்களுக்கு ஆகாது என்று இவ்வளவு சொன்ன பிறகு, வூஸ்டர் இரண்டு பேரைக் காட்டி நம்மை மடக்கும். ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தை இங்கேதான் தொடங்குவது அந்தக் காலத்து வழக்கம். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரக் குளிரில் டான் பிராட்மேன் இங்கே எடுத்தவை: 1930-ல் 236, 1934-ல் 206, 1938-ல் 258, 1948-ல் 107. அடுத்தவர் வூஸ்டர்ஷயருக்கே ஆடிய கிரேம் ஹிக். 1988 மே முதல் வாரத்தில் டான்டனில் சாமர்செட்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 405. மே முடிவதற்குள் ஆயிரம் ரன். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சாம்பியன்ஷிப் வூஸ்டர்ஷயருக்கே. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

ஜூனில் வேர்கள் விழித்துவிடுகின்றன. பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். ஆடுகளம் வைக்கோல் நிறமாகிறது, பந்து நேராக வருகிறது, நான்கு நாள் ஆட்டத்துக்கு ஆண்டிலேயே உகந்த நேரம் இது. அப்போது பார்த்துத்தான் டி20 பிளாஸ்ட்டைப் போடுகிறார்கள். ஆகஸ்டில் ‘ஹண்ட்ரட்’ என்ற நூறு பந்துத் தொடர் வந்து நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போகிறது, மிச்சமிருப்பவர்கள் ஒரு நாள் கோப்பை ஆடுகிறார்கள். நான்கு நாள் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் சீசனின் இரு குளிர் ஓரங்கள் ஒதுக்கப்படுகின்றன. டிக்கெட் வருமானக் கணக்கு புரிகிறது. ஆனால் பேட்ஸ்மேன் பொறுமையாக ஆடவில்லை, ஸ்பின்னர் உருவாகவில்லை என்று பிறகு புலம்புகிறவர்கள் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் இரண்டு முகம் கொண்டது. கோடை முழுவதும் உலர்ந்த களிமண் சுருங்கி வெடிப்பு விட்டிருக்கும். ஒரே மைதானத்தில் மூன்று வகை ஆட்டமும் ஆடித் தேய்ந்த ஆடுகளங்கள் சுழலைப் பிடிக்கும். ஆனால் இரவு நீண்டுவிட்டது. தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, பனித்துளி கோக்கும். மாலை வெளிச்சம் போதாது என்று ஆட்டத்தை 10.30-க்கே தொடங்குகிறார்கள், அதனால் அந்தப் பனி காய்வதற்குள் முதல் பந்து விழுந்துவிடும். காலை பதினொன்றரை வரை ஏப்ரல், மதிய உணவுக்குப் பின் ஆகஸ்ட். ஒரே நாளில் சீமும் சுழலும் பார்க்கக் கிடைக்கும் மாதம் இது ஒன்றுதான்.

2017-ல் வூஸ்டர்ஷயர் அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து அஸ்வினை வரவழைத்தது. நான்கு ஆட்டத்தில் 20 விக்கெட். அணி இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. கவுன்டியில் சுழல் வீச வந்த தமிழர் வரிசையில் அவர் முதல்வர் அல்ல, எஸ். வெங்கட்ராகவன் எழுபதுகளின் நடுவில் டெர்பிஷயருக்கு வீசினார், முத்தையா முரளிதரன் லங்காஷயருக்கு. 2024 செப்டம்பரில் டான்டனில் இன்னொரு கூத்து: நடப்புச் சாம்பியன் சர்ரேயின் இரண்டாம் இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் சாமர்செட்டின் ஜாக் லீச்சும் பதினெட்டு வயது ஆர்ச்சி வானும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இருவரும் ஸ்பின்னர்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கடைசி விக்கெட் விழுந்தது. ஏப்ரலில் அதே மண்ணில் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

கடைசி ஆட்டம் முடிந்ததும் ரசிகருக்கு ஓய்வு, மைதானப் பராமரிப்பாளருக்கு ஓட்டம். தேய்ந்த ஆடுகளத்தைக் கிளறி, காய்ந்த புல்லை வாரி, விதை தூவி, மேலே புதுக் களிமண் பரப்ப வேண்டும். மண் குளிர்ந்து போவதற்குள் விதை முளைத்து வேர் பிடித்தாக வேண்டும். பிடித்தால்தான் ஏப்ரலில் ரோலர் ஏற்ற ஏதாவது இருக்கும். மற்ற கவுன்டிகளில் குளிரோடு மட்டும் போட்டி. வூஸ்டரில் நதியோடும் போட்டி: வேர் இறங்குமுன் செவர்ன் ஏறி வந்தால் விதையும் மண்ணும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் அக்டோபர் வந்தும் இந்த ஊர் ரசிகர்கள் வேல்ஸில் மழை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.