படச்சட்டத்துள் ஒளிந்திருந்த சிவப்பு



பழைய ஓவியம் ஒன்றின் முன் நின்று, "என்ன அழகிய நிறங்கள்!" என்று வியக்கிறோம். ஆனால், அவை ஓவியர் தீட்டிய நிறங்கள்தாமா என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்ட விஞ்ஞானிகள் கண்ட விடையைப் பாருங்கள்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883ஆம் ஆண்டில் மேடம் லெயோன் கிளாப்பிசோன் என்னும் பெண்மணியின் உருவப்படத்தைத் தீட்டினார். இன்று அது அமெரிக்காவின் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் பின்னணி குளிர்ந்த நீலச் சாம்பல் நிறமுடையது. ஓவியர் அதையே விரும்பினார் போலும் என்றுதான் காண்பவர் எண்ணுவர். ஆனால், ஆய்வுக்காகப் படச்சட்டத்தைக் கழற்றியபோது, சட்டம் மூடியிருந்த குறுகிய ஓரத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு தென்பட்டது! ஒளி படாத அவ்வோரம், நூறாண்டுகளுக்கும் மேலாக உண்மையைக் காத்து வந்திருக்கிறது.

கைகொடுத்த இராமன் விளைவு

அச்சிவப்பு எதனால் ஆனது? இதனை அறியத் துணைபுரிந்தது, நமது திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928இல் கண்டறிந்த விளைவேயாகும். ஒரே நிறமுடைய ஒளியை ஒரு பொருளின்மீது பாய்ச்சினால், சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வெளிவரும். அம்மாற்றம் மனிதரின் கைரேகையைப் போன்று மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். பழஞ்சாயங்களில் இச்சிதறல் மிக மங்கலாகவே இருக்கும். நுண்ணிய வெள்ளித் துகள்களைச் சேர்த்தாலோ அது பன்மடங்கு பெருகும்.

இம்முறையில் ஓவியத்தின் மிகச் சிறிய துணுக்கை ஆராய்ந்தனர். கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து பெறப்படும் கார்மைன் சாயமே அது எனத் தெளிந்தனர். ஒளி பட்டால் வெளிறுவது அதன் இயல்பு. சிவப்பு மறையவே, பின்னணியில் நீலம் மேலோங்கிற்று. 2014இல் கணினியின் துணையால் பழைய நிறங்களைக் காட்டும் படிவம் ஒன்றை அக்கலைக்கூடம் காட்சிக்கு வைத்தது. சிவப்பு அப்படிவத்தில்தான் திரும்பியது. மூல ஓவியத்திற்குத் திரும்பவில்லை.

நீலக் குர்ஆன் கூறும் செய்தி

நிறத்தை மாற்றுவது ஒளி மட்டுமன்று, காற்றும் மாற்றும். 9 அல்லது 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்பெறும் புகழ்மிக்க நீலக் குர்ஆன் பிரதி, நீலச் சாயமேற்றிய தோல் ஏடுகளில் பொன்னால் எழுதப்பெற்றது. அதன் ஏடுகள் துனீசியா, டப்ளின், நியூயார்க் அருங்காட்சியகங்களில் உள்ளன. பொன்னெழுத்துகள் இன்றும் மின்னுகின்றன. வசனங்களைப் பிரிக்க வெள்ளியால் இட்ட வட்டப் பூக்களோ கறுத்துவிட்டன. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும். பொன் அவ்வாறு கறுப்பதில்லை.

உங்கள் இல்லத்தில்...

சகோதர சகோதரிகளே! உங்கள் பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு உங்கள் வீட்டில் இருக்கலாம். உம்மா வாப்பாவின் நிக்காஹ் பத்திரமும் இருக்கலாம். பெருமைக்காக அவற்றைச் சட்டமிட்டு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேஷன் செய்து விடாதீர்கள்; பின்னர் அதனைப் பிரிக்க முயன்றால் தாளே பாழாகும். நகல் எடுத்து நகலை மாட்டுங்கள். மூலத்தை ஈரமும் பூச்சியும் அணுகாத பெட்டியில், இருட்டில் வைத்திருங்கள். ஒளியால் வெளிறிய மையைச் சிகாகோ விஞ்ஞானிகளாலும் மீட்டுத் தர இயலாது.

என்றும் மாறாது நிலைத்திருப்பவன் அல்லாஹ் ஒருவனே. எனினும், முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்றவை அமானிதம் அன்றோ? அவற்றைப் பழுதின்றி நம் மக்களிடம் ஒப்படைப்பது நமது கடமையாகும்.